நம்ம புள்ளைங்களுக்குப் பேச வரும்

'சேரிப் பிள்ளைகளுக்கு மொழித்திறன் குறைவு.' கல்விக் கருத்தரங்குகளிலும் ஆசிரியர் ஓய்வறைகளிலும் இந்தப் பொய் கூச்சமே இல்லாமல் உலவுகிறது. வீட்டில் புத்தகம் இல்லையாம். அப்பன் ஆத்தா படிக்கலையாம். அதனால பிள்ளைக்குச் சொல்வளம் இல்லையாம். உடனே வண்ணப் பட அட்டைகளைத் தூக்கிக்கொண்டு 'தொடர்புத்திறன்' வளர்க்கக் கிளம்பி விடுகிறார்கள்.

ஒருநாள் சாயங்காலம் எங்க தெருவுல வந்து நின்னு பாருங்கய்யா. விடுகதை போட்டுப் பாட்டியை மடக்குற புள்ள, குழாயடிச் சண்டையை ஆளுக்கொரு குரலில் நடிச்சுக் காட்டுற புள்ள, ஆட்டத்துல அழுகுணி பண்ணவனை நியாயம் பேசி வெளியேத்துற புள்ள. இதே புள்ளதான் மறுநாள் வகுப்பில் வாயைத் திறப்பதில்லை. ராத்திரியோடு ராத்திரியாக மொழி எங்கே போனது?

பள்ளிக்கூட வாசலில் பிடுங்கப்பட்டது. 'வூட்டாண்ட குந்திக்கினு இருந்தாங்க சார்' என்று ஒரு பிள்ளை சொன்னால் வகுப்பு சிரிக்கும். வாத்தியாரும் சேர்ந்து சிரிப்பார். செய்தித்தாளில் 'அண்டை மாநிலம்' என்று எழுதினால் செந்தமிழ். அதே 'அண்டை' நம்ம வாயில் 'வூட்டாண்ட' என்று வந்தால் கொச்சை. அக்கிரகாரத்து 'ஆத்துல' இலக்கிய நடையாகி நாவல் நாவலாக அச்சேறியது. 1992இல் பாமாவின் 'கருக்கு' சேரிப் பேச்சிலேயே வந்தபோது, இதெல்லாம் ஒரு நடையா என்று முகம் சுளித்தார்கள். எது மொழி, எது கொச்சை என்பதை இங்கே இலக்கணம் தீர்மானிக்கவில்லை. சாதி தீர்மானிக்கிறது.

இது நம்ம ஊர்ச் சங்கதி மட்டுமில்லை. அமெரிக்கக் கறுப்பினக் குழந்தைகளுக்கும் 'மொழி வறுமை' என்றுதான் அந்த நாட்டுக் கல்வி உளவியலாளர்கள் முத்திரை குத்தினார்கள். மொழியியலாளர் வில்லியம் லபோவ் 1969இல் அதை உடைத்தார். நியூயார்க் ஹார்லெமில் எட்டு வயதுப் பையன் ஒருவன். கேள்வி கேட்டவரும் ஹார்லெமில் வளர்ந்த கறுப்பர்தான். இருந்தும் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பையனிடமிருந்து பதில் வரவில்லை. அடுத்த முறை அவர் உருளைக்கிழங்கு வறுவல் வாங்கிக்கொண்டு, அவனுடைய சிநேகிதனையும் கூட்டிக்கொண்டு வந்து, தரையில் உட்கார்ந்தார். அவன் தெருவில் பேசும் சொற்களை அவரே முதலில் பேசினார். அவ்வளவுதான். 'நான் சொல்றேன், நான் சொல்றேன்' என்று இரண்டு பையன்களும் முட்டிக்கொண்டு பேசினார்கள். பையன் அதே பையன். எதிரில் இருந்த அதிகாரம்தான் கீழே இறங்கியது.

இன்னொரு கூட்டத்தையும் சொல்லியாக வேண்டும். 'மண்ணின் மொழி போதும், அதைக் கெடுத்துவிடாதீர்கள்' என்று உருகுகிறவர்கள். இவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எங்கே படிக்கின்றன என்று கேட்டுப் பாருங்கள், ஆங்கிலப் பள்ளியின் பெயர் வரும். நான் வங்கிக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன். பத்தாவது முடித்த நம் பையன் கடன் மனுவைக் கையில் வைத்துக்கொண்டு, ஏன் தள்ளுபடி ஆனது என்று கேட்கத் தெரியாமல் திரும்பிப் போவதைப் பார்க்கிறவன். நமக்கு ரெண்டும் வேணும். தெருப் பேச்சும் வேணும், மனுத் தமிழும் வேணும். ஆங்கிலத்தையும் விட்டுத்தர முடியாது.

மாலைப் பள்ளி நடத்தும் தோழர்களே, இதற்குப் பெரிய நிதி எதுவும் தேவையில்லை.

முதலில், தரையில் வட்டமாகக் குந்துங்கள். நாற்காலியைத் தூக்கிப் போடுங்கள். பிள்ளை பேசும்போது குறுக்கே புகுந்து திருத்தாதீர்கள்.

அடுத்து, பிள்ளை சொல்லும் கதையைச் சொன்னபடியே, காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பெரிய எழுத்தில் எழுதுங்கள். திரும்ப அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். நியூசிலாந்தில் மாவோரிப் பழங்குடிக் குழந்தைகளுக்கு சில்வியா ஆஷ்டன்-வார்னர் இப்படித்தான், அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களையே அட்டையில் எழுதி வாசிக்கக் கற்பித்தார். 1963இல் வந்த அவருடைய 'டீச்சர்' நூலில் இது இருக்கிறது. மாட்டுக்கறியும் சாவுமேளமும் களத்துமேடும் வரட்டும். நம்ம தெருவின் முதல் பாடநூல் அதுதான்.

மூன்றாவது, கரும்பலகையை இரண்டாகப் பிரியுங்கள். ஒரு பக்கம்: 'நாலு நாளா தண்ணி வுடமாட்டேங்குறான்.' மறுபக்கம்: 'நான்கு நாட்களாகக் குடிநீர் வழங்கப்படவில்லை.' எதுவும் தப்பில்லை. தெருவுக்கு ஒன்று, ஆபீசுக்கு ஒன்று. மனுத் தமிழில் தண்ணி விடாத 'அவன்' எங்கே போனான் என்று கேளுங்கள். பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். மொழிக்குள் அதிகாரம் எப்படி ஒளிந்துகொள்கிறது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

நான்காவது, நாடகம் போடுங்கள். ஒருத்தி கிராம நிர்வாக அலுவலர், ஒருத்தன் சாதிச் சான்றிதழ் கேட்டு வந்தவன். 'நாளைக்கு வா' என்றால் 'எத்தனை மணிக்கு? எழுதிக் கொடுங்க' என்று கேட்கப் பழகட்டும். பிறகு வேடம் மாறட்டும். இந்தக் கேள்வியைப் பத்து வயதில் விளையாட்டாகக் கேட்டவள், இருபது வயதில் காவல் நிலையத்திலும் கேட்பாள்.

அண்ணல் அம்பேத்கர் 1920இல் தொடங்கிய முதல் இதழின் பெயர் 'மூக்நாயக்', ஊமைகளின் தலைவன். அந்த ஊமைகள் பிறவி ஊமைகள் அல்லர், வாய் பொத்தப்பட்டவர்கள். நூறு வருஷம் தாண்டியும் பள்ளிக்கூடம் பொத்திய கையை எடுக்கவில்லை. கெஞ்சிக் கேட்டால் எடுக்கவும் மாட்டார்கள். இன்று சாயங்காலமே நம்ம தெருவில் ஒரு வட்டம் போடுவோம். புள்ளைங்க பேசட்டும், நாம் வாயை மூடிக்கொண்டு கேட்போம்.