மாத்தளனில் போன கொப்பியும் ஒரு ‘சின்ன’ ஒப்பரேசனும்

வடக்கின் சுகாதாரத்துறை பற்றிப் பேச்செடுத்தால் கட்டடங்கள், ஆளணிப் பற்றாக்குறை, வெளிநாடு போய்விட்ட வைத்தியர்கள் என்றுதான் பேச்சுப் போகிறது. எல்லாம் பேச வேண்டியவைதான். முப்பது வருடங்களுக்கு மேல் சத்திரசிகிச்சைக் கூடங்களில் தாதியாக நின்றவள் என்ற வகையில் நான் இன்னொரு பற்றாக்குறையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு நோயாளியைப் பற்றி ஒரு வைத்தியசாலை பட்டறிந்த விடயம் அடுத்த வைத்தியசாலைக்குப் போய்ச் சேருவதில்லை. பெரும்பாலானவர்களுக்கு இதனால் அலைச்சல் மட்டும்தான். சிலருக்கு உயிர் போகும்.

கடந்த வருடம் முல்லைத்தீவு மாவட்டத்திலிருந்து ஒரு தாய் ஆறு வயது மகனைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பையனுக்குக் கவட்டில் குடலிறக்கம். ஒரு வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குத் திகதி கொடுத்திருக்கிறார்கள்.

“மிஸ்ஸி, சின்ன ஒப்பரேசன், பின்னேரம் வீட்டை போகலாம் எண்டுதான் சொன்னவை. உள்ளை கொண்டுபோய் ஒரு மணித்தியாலத்தாலை டொக்டர் வந்து, செய்யேலாமல் போச்சுது, பிள்ளையை ஐ.சி.யூ.விலை வைச்சிருக்கிறம் எண்டார். எனக்கு ஒண்டும் விளங்கேல்லை.”

அவர் நீட்டிய நோய் நிர்ணய அட்டையில் ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி: சத்திரசிகிச்சை பிற்போடப்பட்டது. கீழே வேறொரு திகதி. ஏன் பிற்போடப்பட்டது, மயக்கம் கொடுத்தபோது என்ன நடந்தது, பிள்ளையை எப்படி மீட்டார்கள் என்று ஒரு சொல் இல்லை.

பையனைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு திக்கென்றது. குட்டைக் கழுத்து, வாய்க்குள் அடங்காத தடித்த நாக்கு, முழுதாக நீட்ட முடியாமல் வளைந்த விரல்கள், தள்ளிய கொப்புள். வாயால் மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். இரவில் குறட்டை விடுவானா என்று கேட்டேன். “அடுத்த அறைக்குக் கேக்கும் மிஸ்ஸி. இடையிலை மூச்சு நிண்டு நிண்டு வரும். நான் தட்டி எழுப்பிறனான்” என்றார். அடிக்கடி காதில் சீழ் வடியும் என்றும் சொன்னார். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு கிளினிக்கில் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க ஒருவருக்கும் நேரம் இருந்திருக்கவில்லை.

மியூக்கோபொலிசக்கரிடோசிஸ் என்றொரு நோய்க் கூட்டம் இருக்கிறது. பெயரை மறந்தாலும் பரவாயில்லை, விடயம் எளிது. எமது உடற்கலங்களுக்குள் பழையதாகிப்போன சில நீண்ட சர்க்கரைச் சங்கிலிகளை வெட்டி அகற்றுவதற்கு நொதியங்கள் உள்ளன. அதில் ஒன்று பிறவியிலேயே இல்லாவிட்டால் கழிவு தேங்கத் தொடங்கும். நாக்கு, தொண்டை, மூச்சுக்குழாய்ச் சுவர், மூட்டுகள், இருதய வால்வுகள், ஈரல் எல்லாவற்றிலும் அது படிந்துகொண்டே போகும். எல்லா வகைகளையும் சேர்த்தால் ஏறத்தாழ 25,000 பிறப்புகளுக்கு ஒன்று என்பதே பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இதில் ஆண் பிள்ளைகளைத் தாக்கும் வகையை 1917இல் இரண்டு சகோதரர்களில் கண்டு எழுதியவர் சார்ள்ஸ் ஹன்ரர். வினிப்பெக்கில் தொழில் செய்த அவர் அப்போது முதலாம் உலகப்போரில் கனடிய இராணுவ மருத்துவப் பிரிவில் இருந்தார். அவருடைய பெயராலேயே அந்த வகை இன்றும் அழைக்கப்படுகிறது.

இந்தப் பிள்ளைகளுக்கு ஆபத்தான நாள் எதுவென்றால், மற்றப் பிள்ளைகளுக்குச் சாதாரணமான அந்தச் சின்ன ஒப்பரேசன் நாள்தான். குடலிறக்கம், காது, ரொன்சில் என்று நோயின் பெயர் தெரியவருவதற்கு முன்னரே அவர்கள் சத்திரசிகிச்சை மேசைக்கு வந்துவிடுகிறார்கள். விழித்திருக்கும்போது தசைகளின் இறுக்கம்தான் தடித்த தொண்டையை ஒருவாறு திறந்து வைத்திருக்கிறது. மயக்கம் ஏறியதும் அந்த இறுக்கம் விடுகிறது, நாக்கு பின்னுக்கு விழுகிறது. முகத்தில் முகமூடியை அழுத்திப் பிடித்து ஒட்சிசன் கொடுத்தாலும் உள்ளே போகாது. குழாய் போடலாமென்றால் தாடை விறைத்து வாய் போதியளவு திறக்காது, குரல்நாண் கண்ணில் படாது. பட்டாலும் மூச்சுக்குழாய் ஒடுங்கியிருப்பதால் வயதுக்குரிய குழாய் இறங்காது. கழுத்தை நிமிர்த்திப் பார்ப்போமென்றால் சில வகைகளில் கழுத்தின் மேல் எலும்புகள் உறுதியாக இல்லை, முண்ணாண் நசிந்து கை கால் இழுத்துவிடும். கடைசி வழியாகத் தொண்டையில் துளையிடுவது கூட இந்தக் குட்டைக் கழுத்தில் இலேசான காரியம் இல்லை. இத்தனைக்கும் கையிலிருப்பது நிமிடக் கணக்கு.

ஆகவே தெரிந்தவர்கள் வேறு மாதிரிச் செய்வார்கள். தசையைத் தளர்த்தும் மருந்தை முதலில் தொடமாட்டார்கள். பிள்ளை தானாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும்போதே வாயுவால் மெல்ல மயக்கி, குரல்வளைக்கு மேல் அமரும் முகமூடிக் குழாயை வைத்து, அதனூடாக வளையும் கமராவை விட்டுப் பார்த்துக் குழாயை இறக்குவார்கள். காது மூக்கு தொண்டை நிபுணர் பக்கத்தில் நிற்பார். தீவிர சிகிச்சைக் கட்டில் ஒன்று முதலே ஒதுக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் குழாயைக் கழற்றும்போது வீங்கிய தொண்டை அடைத்துக்கொள்வது குழாய் போடுவதைவிடப் பெரிய கண்டமாகப் போவதுண்டு. செய்ய வேண்டிய சத்திரசிகிச்சைகள் இரண்டு மூன்று இருந்தால் ஒரே மயக்கத்தில் முடிக்கப் பார்ப்பார்கள்.

அன்று அந்த வைத்தியசாலையில் இருந்தவர்களை நான் குற்றம் சொல்லமாட்டேன். குழாய் போகாதபோது முரண்டு பிடிக்காமல் முகமூடிக் குழாயால் மூச்சைக் காத்து, பிள்ளையை எழுப்பி, சத்திரசிகிச்சையைக் கைவிட்டார்கள். அது நல்ல தீர்மானம். அதை எழுதாமல் விட்டதுதான் பிழை. கொடுத்த அடுத்த திகதியில் வேறொரு வைத்தியர் கடமையில் இருந்திருந்தால், அதே மருந்து, அதே மேசை, அதே ஆபத்து முதலிலிருந்து தொடங்கியிருக்கும்.

வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா என்று கேட்டேன். தாய் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“என்ரை அண்ணாவும் இப்பிடித்தான் மிஸ்ஸி. கையும் இப்பிடி, மூச்சும் இப்பிடி. சண்டை தொடங்க முன்னம் அவருக்கு மயக்கம் குடுத்து ஏலாமல் போய், இனிக் குடுக்கக்கூடாது எண்டு பெரிய டொக்டர் கொப்பியிலை எழுதிக் குடுத்தவர். அந்தக் கொப்பி மாத்தளனிலை போட்டுது.”

அந்த அண்ணன் பிறகு முகாமில் ஓர் இரவு நித்திரையிலேயே போய்விட்டார். வயது பதினைந்து. போரில் செத்தவர் என்றுதான் குடும்பம் சொல்கிறது. நான் திருத்தப் போகவில்லை.

இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து இயங்கிய வைத்தியசாலைகளில் நானும் நின்றிருக்கிறேன். மயக்கமருந்து போதாமல் என்ன நடந்தது என்பது இதை வாசிக்கும் பலருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எத்தனை பதிவேடுகள், எத்தனை கிளினிக் கொப்பிகள் பதுங்குகுழிகளோடு போயின என்ற கணக்கை மட்டும் எவரும் எடுக்கவில்லை. பரம்பரை நோயில் குடும்ப வரலாறுதான் முதல் பரிசோதனை. அந்தக் கொப்பி இருந்திருந்தால் இந்தப் பையனை மூன்று மாதக் குழந்தையிலேயே சந்தேகித்திருப்பார்கள்.

தாயின் தங்கைக்கும் எட்டு மாத ஆண் குழந்தை ஒன்று இருக்கிறது. ஹன்ரர் வகை தாய்வழியில் வருவது. தங்கையும் அந்தக் குறையைக் காவுபவராக இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. புகுந்த வீட்டுக்குத் தெரிந்தால் என்ன சொல்வார்களோ என்று பரிசோதனைக்குப் போகாமல் இருந்தார். தொலைபேசியில் மூன்று தடவை கதைத்தேன். நான்காம் தடவை மாமியாரோடு கதைத்தேன். இப்போது குழந்தையின் சிறுநீர் மாதிரி கொடுத்திருக்கிறார்கள்.

பையனின் கதை கொழும்பில்தான் முடிந்தது. இரவு பஸ்ஸில் ஏழெட்டுத் தடவை போய்வந்தார்கள். சிங்களம் தெரியாத தாய் வார்ட்டில் சொன்னதில் பாதியைத் துப்புரவுப் பணியாளர் ஒருவர் மூலம்தான் விளங்கிக்கொண்டார். நொதியப் பரிசோதனை முடிவு வர மாதங்கள் எடுத்தன. கடைசியில் கமரா மூலம் குழாய் போட்டு, குடலிறக்கமும் காதும் ஒரே நாளில் முடிந்தன. இந்த நோய்க்கான நொதிய மருந்து அமெரிக்காவில் 2006இல் அனுமதி பெற்றது. வாராவாரம் நாளத்தினூடாக ஏற்ற வேண்டும், விலை எங்கள் எட்டுக்குள் இல்லை. அந்த மருந்தைக் கேட்டு நான் இதை எழுதவில்லை.

கேட்பது மலிவானவற்றைத்தான். 2022 மார்ச்சில் பேராதனையில் மருந்தில்லாமல் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் நிறுத்தப்பட்ட காலத்தை நாடு மறந்திருக்காது. காசில்லை என்ற பதில் தயாராக இருப்பதும் தெரியும். ஆனால் மயக்கம் கொடுப்பதில் சிக்கல் வந்தால் என்ன சிக்கல், எது உதவியது, எந்த அளவுக் குழாய் இறங்கியது என்று மூன்று வரி எழுதிக் கொடுக்கக் காசு வேண்டாம். பிரித்தானியாவில் இதற்கென அட்டையே வைத்திருக்கிறார்கள். எங்கள் பிள்ளைகளின் சுகாதாரப் பதிவேட்டில் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும், அதையும் தாய்க்கு விளங்கும் மொழியில். டிஜிட்டல் மயமாக்கல் பற்றி அரசாங்கம் பேசும் இந்தக் காலத்தில் அந்த மூன்று வரி கணினியிலும் ஏற வேண்டும்.

அடுத்தது, வடக்கில் ஓரிடமாவது இந்தப் பிள்ளைகளுக்கென்று தயாராக இருக்க வேண்டும்: சிறுவருக்கான மெல்லிய கமரா, அதைப் பாவித்துப் பழகிய இருவர், ஒரு கட்டில். புலம்பெயர் உறவுகள் நல்ல மனதோடு இயந்திரங்கள் அனுப்புகிறார்கள், ஆனால் பெரியவர்களுக்கான அளவில் வந்து பெட்டிக்குள்ளேயே கிடந்ததையும் நான் கண்டிருக்கிறேன். அனுப்ப முன்னர் மயக்கமருந்து நிபுணரிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. யாரிடம் இந்தக் கோரிக்கையைக் கொடுப்பது என்பது வேறு பிரச்சினை. 2018 ஒக்ரோபரோடு வட மாகாண சபையின் காலம் முடிந்தது. அதன் பிறகு தேர்தல் நடத்தப்படாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் ஓடியதில், மாகாண வைத்தியசாலைகளைப் பற்றிக் கேள்வி கேட்க மக்களால் தெரிவுசெய்யப்பட்ட ஒருவர் அங்கே இருக்கவில்லை.

அதுவரைக்கும் என்னால் முடிந்ததைச் செய்திருக்கிறேன். தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு அட்டை எழுதி லமினேற் பண்ணிக் கொடுத்தேன். நோயின் பெயர், மயக்கத்தின்போது நடந்தது, கொழும்பில் போட்ட குழாயின் அளவு, தூக்க மருந்தைக் கண்காணிப்பின்றிக் கொடுக்க வேண்டாம் என்ற ஒரு வரி. ஒன்று பையனின் பாடசாலைப் பையில், ஒன்று அம்மம்மாவின் பெட்டியில், ஒன்றின் படம் தாயின் தொலைபேசியில். அட்டையில் திகதியும் போட்டிருக்கிறேன், ஏனென்றால் மற்றப் பிள்ளைகளுக்கு வளர வளரப் பெரிதாகும் மூச்சுவழி இவனுக்கு ஒடுங்கிக்கொண்டே போகும். இந்த வருடம் இறங்கிய குழாய் அடுத்த வருடம் இறங்காமல் போகலாம். வரும் தை மாதம் திரும்பப் பார்த்துப் புதிதாக எழுத வேண்டும் என்று தாய் கலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.