முன்பணம் கேட்கும் முகாமையாளர்

வெருகல் பகுதியைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் அண்மையில் என்னைத் தேடி வந்தார். கையில் 112 பக்கத் திரைக்கதை ஒன்றும் நான்கு பக்க ஒப்பந்தம் ஒன்றும் இருந்தன. 2006ஆம் ஆண்டு ஓகஸ்டில் ஈச்சிலம்பற்றிலிருந்து வாகரைக்கும், 2007 ஜனவரியில் அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடிய ஆயிரக்கணக்கான குடும்பங்களுள் அவருடையதும் ஒன்று. அப்போது அவர் சிறுவன். கண்ட காட்சிகளைப் பல ஆண்டுகள் மனதில் சுமந்து, பிறகு திரைக்கதையாக எழுதியிருக்கிறார்.

திரைக்கதையை அன்றிரவே படித்தேன். குறைகள் உண்டு, ஆனால் உயிர் இருந்தது. மறுநாட் காலை ஒப்பந்தத்தைப் படித்தேன். அதில் குறையே இல்லை; எழுதியவருக்கு வேண்டியவை அனைத்தும் இருந்தன. வெளிநாடொன்றில் வாழும் 'திரைக்கதை முகாமையாளர்' ஒருவர், அறிமுகக் கட்டணமாக ஒன்றரை இலட்சம் ரூபா முன்பணம் கேட்கிறார். கதை விற்றால் முப்பது வீதம் அவருக்கு. ஏழு ஆண்டுகளுக்கு வேறெவரிடமும் கதையைக் காட்டக் கூடாது. விற்காவிட்டாலும் கதையின் உரிமை அவரிடமே இருக்கும்.

"ஐயா, முகாமையாளர் இல்லாமல் சினிமாவுக்குள் நுழைய ஏலாது என்கிறார்கள். அம்மாவின் சங்கிலியை அடகு வைத்துப் பாதிப் பணம் கட்டிவிட்டேன். கையெழுத்துத்தான் இன்னும் வைக்கவில்லை" என்றார்.

இந்தப் பதிவை எழுத வைத்தது அந்தச் சங்கிலிதான்.

'முகாமையாளர் இல்லாமல் நுழைய முடியாது' என்ற இந்த வாசகம் எங்கிருந்து வந்தது? ஹொலிவூட்டிலிருந்து. அங்கு அது ஓரளவு உண்மை. பெரிய தயாரிப்பு நிறுவனங்கள் தெரியாதவர் அனுப்பும் திரைக்கதையைப் பிரித்தும் பார்ப்பதில்லை. நாளை வழக்கு வரும் என்ற அச்சம். ஆகவே இடையில் ஒருவர் தேவைப்படுகிறார். ஆனால் அந்த ஊரின் வழக்கத்தை அரைகுறையாக இறக்குமதி செய்தவர்கள், அதன் காவல் விதிகளைச் சுங்கத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

கலிபோர்னியாவில் எழுத்தாளருக்கு வேலை தேடிக் கொடுக்கும் முகவர் அரசிடம் அனுமதிப்பத்திரம் பெற்றிருக்க வேண்டும். அவருடைய பங்கு வழக்கமாகப் பத்து வீதம். முகாமையாளர் வேறு ஆள். திரைக்கதையைச் செப்பனிட ஆலோசனை சொல்வதும், எழுத்தாளரின் வளர்ச்சிக்கு வழி காட்டுவதும் அவர் பணி. அவருக்குப் பத்து அல்லது பதினைந்து வீதம் கிடைக்கும். இருவருமே எழுத்தாளர் சம்பாதித்த பிறகுதான் சம்பாதிக்கிறார்கள். வாய்ப்புத் தேடித் தருவதாகக் கூறிக் கலைஞரிடம் முன்பணம் வாங்குவதை அம்மாநிலம் 2009இல் இயற்றிய சட்டத்தால் தடை செய்திருக்கிறது. ஹொலிவூட்டைக் காட்டி முன்பணம் கேட்பவர், ஹொலிவூட்டில் குற்றமான ஒன்றைத்தான் கேட்கிறார்.

இத்தனை விதிகள் இருந்தும் அங்கே எழுத்தாளர்கள் நிம்மதியாக இருந்தார்களா? 2019 ஏப்ரலில் அமெரிக்க எழுத்தாளர் சங்கத்தைச் சேர்ந்த ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் முகவர்களை ஒரே மூச்சில் விலக்கினார்கள். தமக்காகப் பேச வேண்டிய முகவர்கள், தயாரிப்பாளரிடம் தனியே கட்டணம் பெற்றுக்கொள்கிறார்கள் என்பதே குற்றச்சாட்டு. ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் நீடித்த அந்தப் போர், கடைசிப் பெரிய முகவர் நிறுவனமும் 2021 பெப்ரவரியில் இணங்கியபோதுதான் முடிந்தது. சங்கம் இருந்ததால் வென்றார்கள். வெருகல் இளைஞருக்கு எந்தச் சங்கம் இருக்கிறது?

இனி, நமது கனவுகள் குவியும் கோடம்பாக்கத்துக்கு வருவோம். அங்கே 'மேனேஜர்' என்றால் படப்பிடிப்புச் செலவைக் கவனிக்கும் தயாரிப்பு நிர்வாகி, அல்லது நடிகரின் திகதிகளை வைத்திருப்பவர். புதிய எழுத்தாளருக்கு முகாமையாளர் என்ற தொழில் அங்கு வேர்விடவேயில்லை. உதவி இயக்குநராகச் சேர்ந்து, வாய்ப்புக் கிடைக்கும்போது தயாரிப்பாளருக்கோ நடிகருக்கோ வாயால் கதை சொல்வதே அங்குள்ள பழக்கம். வாயால் சொன்ன கதைக்குச் சாட்சி இல்லை. உண்மையான ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

2018இல் 'சர்கார்' படம் வெளிவரும் முன் நடந்ததை நினைத்துப் பாருங்கள். 'செங்கோல்' என்ற தம் கதையை 2007இலேயே தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்ததாக வருண் ராஜேந்திரன் முறையிட்டார். அன்று சங்கத்தின் தலைவராக இருந்தவர் கே.பாக்யராஜ். இரண்டு கதைகளுக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சங்கம் கருதியது. இயக்குநர் ஏ.ஆர்.முருகதாஸ் குற்றச்சாட்டை மறுத்தார். இறுதியில் சென்னை உயர் நீதிமன்றத்தில் சமரசம் ஏற்பட்டு, படத்தில் வருணின் பெயருக்கு அங்கீகாரம் தர ஒப்புக்கொள்ளப்பட்டது. யார் பக்கம் நியாயம் என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. பெரிய நடிகரின் பெரிய படத்தின் முன்னால் பெயரறியாத ஓர் எழுத்தாளரை நிற்க வைத்தது எது? பதினொரு ஆண்டுகளுக்கு முன் பதிந்த ஒரு பிரதி. முகாமையாளர் அல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஆர்.ஜி.ஆனந்த் என்ற நாடக ஆசிரியர் தமது நாடகத்தைத் தழுவியே 'நியூ டெல்லி' என்ற ஹிந்திப் படம் எடுக்கப்பட்டதாக வழக்காடினார். 1978இல் இந்திய உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. கருத்துக்குப் பதிப்புரிமை இல்லை. அது வெளிப்படுத்தப்பட்ட வடிவத்துக்கே உரிமை என்பது அத்தீர்ப்பின் சாரம். இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும் அதே வழியில்தான் செல்கிறது. எழுதி முடித்த கணத்திலேயே உரிமை பிறந்துவிடுகிறது, பதிவுகூடக் கட்டாயமில்லை. எழுதியவர் வாழும் காலமும் அதன்பின் எழுபது ஆண்டுகளும் அது நிலைக்கும். தம்பிமாரே, ஒன்றரை இலட்சம் கொடுத்து வாங்கச் சொல்கிறார்களே, அந்தப் பாதுகாப்பு ஏற்கெனவே உங்களுடையது. ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால் அதை இழப்பீர்கள், அவ்வளவே.

"எல்லா முகாமையாளரும் மோசக்காரரா?" என்று புலம்பெயர்ந்த நண்பர்கள் கேட்கக்கூடும். இல்லை. நல்ல முகாமையாளர் ஒருவர் எழுத்தாளருக்குப் பெரும் பேறு. திரைக்கதையை மூன்று முறை திருத்தச் சொல்வார். எந்தக் கதவைத் தட்டலாம், எதைத் தட்டக்கூடாது என்று அறிந்திருப்பார். தொகை பேசும்போது நமக்கு வரும் கூச்சம் அவருக்கு வராது. ஆனால் அவரை அடையாளம் காண்பது கடினமல்ல. அவர் யாருடைய எந்தப் படைப்பை விற்றுத் தந்தார் என்று கேளுங்கள். அந்த எழுத்தாளருடன் நேரில் பேசுங்கள். உங்கள் திரைக்கதையின் நாற்பதாம் பக்கத்தில் என்ன நடக்கிறது என்று கேளுங்கள். ஓராண்டில் ஒன்றும் நடக்காவிட்டால் விலகிச் செல்ல உங்களுக்கு உரிமை உண்டா என்று பாருங்கள். முதற் கேள்விக்கே முகம் கறுப்பவர் உங்களுக்கு உரியவர் அல்லர்.

கூத்து ஆடிய மண் கிழக்கு மண். அண்ணாவியார் மாதக் கணக்கில் இராப்பொழுதெல்லாம் ஆட்டமும் பாட்டும் பழக்குவார். அவருக்குரிய பெருமை அரங்கேற்ற நாளில் களரியில் வைத்து வழங்கப்படும். உழைப்பு முன்னே, மரியாதை பின்னே. இதைவிடச் சிறந்த முகாமை ஒப்பந்தம் எனக்குத் தெரியாது.

'பொன்மணி' 1977இலும் 'வாடைக்காற்று' 1978இலும் வந்தன. முன்னதற்குக் காவலூர் ராஜதுரையின் எழுத்து. பின்னது செங்கை ஆழியானின் நாவல். திரைக்கதை முகாமையாளர் என்ற சொல்லே இங்கு புழங்காத காலம் அது. நமக்கு அன்றும் இன்றும் குறைவது இடைத்தரகர் அல்ல. ஒப்பந்தத்தை இலவசமாகப் படித்துச் சொல்ல ஒரு சட்டத்தரணி, திரைக்கதையைப் பொறுமையாகப் படித்துச் சொல்ல ஒரு மூத்த படைப்பாளி. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பாரிசிலும் விழா எடுத்துப் பொன்னாடை போர்த்தும் அமைப்புகளே, ஒரு பொன்னாடையின் செலவில் இந்த இரண்டையும் செய்யலாம்.

அந்த இளைஞர் கையெழுத்திடவில்லை. கட்டிய பணம் திரும்பவில்லை. சங்கிலி இன்னும் அடகுக் கடையில்தான். திரைக்கதையின் இரண்டாம் பாகத்தைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கிறார். இம்முறை முதற் பக்கத்தில் தம் பெயரையும் திகதியையும் எழுதியிருக்கிறார்.