நாரிநோவுக்குப் படுக்கை மருந்தாகுமா?

மீளக்குடியமர்ந்த கிராமங்களுக்குச் செல்லும்போது நாம் அடிக்கடி கேட்கும் வார்த்தை ஒன்றுண்டு: "நாரி நிமிர்த்த ஏலாமல் கிடக்கு, சுவாமி." பற்றைக்காடாகிப் போன காணியை வெட்டித் துப்புரவாக்கியவரும், கூலிக்கு வெங்காயம் நட்டவரும், தூரத்துக் கிணற்றிலிருந்து குடம் சுமந்த தாயும் இதையே சொல்கின்றனர். சொல்லிவிட்டுப் பாயில் படுத்துவிடுகின்றனர். கமக்காரர் ஒருவர் ஒரு போகம் படுத்தால், அடுத்த போகத்தை அக்குடும்பம் கடனோடுதான் தொடங்கும். ஆகவே இது வைத்தியர்கள் மட்டும் பேசவேண்டிய விடயமன்று.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் நாரிநோவுக்குப் படுக்கை மருந்தாகாது என்பதே எமது கருத்து. உள்ளே ஏதோ தேய்ந்துவிட்டது, அசைந்தால் இன்னும் கெட்டுவிடும் என நாம் அஞ்சுகிறோம். உண்மையில் நாரிநோ உள்ள 10 பேரில் ஏறக்குறைய 9 பேருக்கு, இன்ன இடத்துப் பழுதுதான் காரணம் எனச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. படுத்திருக்கப் படுத்திருக்கத் தசைகள் பலமிழக்கின்றன, மூட்டுக்கள் இறுகுகின்றன, பயமும் வளர்கிறது. இழப்பின் துயரம், கடன், நித்திரையின்மை என்பனவும் நோவைக் கூட்டும். இப்படிச் சொல்வதால் நோ கற்பனை என்று பொருளாகாது. நோ மெய்யானதே, மனச்சுமையும் அதன்மேல் ஏறிக்கொள்கிறது.

உலக சுகாதார நிறுவனம் 2023 டிசெம்பரில் வெளியிட்ட வழிகாட்டல், நோவைப் பற்றிய விளக்கம், உடற்பயிற்சி, பயிற்சி பெற்றவர் கையால் செய்யும் சிகிச்சை ஆகியவற்றை ஏற்கிறது. நாரிப்பட்டியையும் இழுவைச் சிகிச்சையையும் வழமையான சிகிச்சையாகக் கொள்ள வேண்டாம் என்கிறது. பிரித்தானியாவில் 1,334 பேரிடம் நடத்தப்பட்டு 2004 இல் வெளியான ஆய்வில், கைச்சிகிச்சையும் அதைத் தொடர்ந்து உடற்பயிற்சியும் பெற்றவர்கள் 3 மாதத்தில் ஓரளவு நன்மை கண்டனர். ஒரு வருடத்தில் அந்த நன்மை சிறிதாயிற்று. அற்புதம் எதுவும் இதில் இல்லை. ஆனால் கைச்சிகிச்சை நோவைத் தணித்து அசைவதற்கு வழிதிறக்கும். அப்பியாசத்தையோ நாமே வீட்டில், காசு செலவின்றி, நாள்தோறும் தொடரலாம்.

மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, இடுப்பை மெல்ல உயர்த்தி இறக்குங்கள். முழங்கால்களை ஒவ்வொன்றாக நெஞ்சோடு அணையுங்கள். கைகளையும் முழங்கால்களையும் நிலத்தில் ஊன்றி, முதுகை மேலே வளைத்துப் பின் தாழ்த்துங்கள். 5 தடவையில் தொடங்கி 10 தடவையாக்கலாம். நாளுக்கு 10 நிமிடம் நடந்து, கிழமைக்குக் கிழமை கூட்டுங்கள். சற்று நோ கூடினால் சேதம் என எண்ணவேண்டாம். மறுநாளும் கடுமையாக இருந்தால் அளவைக் குறையுங்கள்.

எனினும் காலில் பலக்குறைவு, பிறப்புறுப்பைச் சுற்றி விறைப்பு, சலம் அல்லது மலம் அடக்க முடியாமை, காய்ச்சல், காரணமின்றி மெலிதல் என்பன இருந்தாலோ, விழுந்தபின் நோ தொடங்கினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உடலில் குண்டுச் சிதறல் உள்ளவர்களும் முதலில் வைத்தியரைக் காணவேண்டும். இத்தகையோரின் முதுகை எவரும் அமுக்கவோ மிதிக்கவோ கூடாது.

எமது குறையையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மண்வெட்டி கொடுத்தோம், விதை கொடுத்தோம், சுழற்சிக் கடன் கொடுத்தோம். அந்த மண்வெட்டியைப் பிடிப்பவரின் நாரியைப் பற்றி நாம் கேட்கவில்லை. இயன்மருத்துவரைக் காணப் பட்டணத்து வைத்தியசாலைக்குப் போவதென்றால் ஒரு நாள் கூலி போய்விடும். எனவே ஒவ்வொரு கிராமத்திலிருந்தும் இருவர் சென்று முறையாகப் பழகி வரட்டும். மாதர் சங்கமும் கமக்கார அமைப்பும் மாலையில் 20 நிமிடம் கூடி அப்பியாசம் செய்யட்டும். பிரதேச வைத்தியசாலைகளுக்கும் இயன்மருத்துவர் கிரமமாக வரவேண்டுமென ஒன்றாகக் கேட்போம்.

மாற்கு நற்செய்தியில் முடக்குவாதக்காரனை நால்வர் சுமந்து வந்து, கூரையைப் பிரித்து இயேசுவின் முன் இறக்கினார்கள். வீடு திரும்பும்போதோ அவன் தன் படுக்கையைத் தானே சுமந்து சென்றான். அயலவரின் கைகளும் வேண்டும். சொந்தக் கால்களும் வேண்டும். நாளைக் காலை பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, வேலிக்கரையோரமாவது சிறிது நடந்து பாருங்கள்.