லெப்டொப்புக்கும் டிக்கிதானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உந்துவப் போயாவில் தொடங்கும் சிவனொளிபாதமலை சீசன் வெசாக் வரை நீடிக்கும். அந்த மாதங்களில் ஹட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்கு வரும் பஸ்களில் கால் வைக்க இடமிருக்காது. யாத்திரிகர்களைக் குறை சொல்லவில்லை. எங்கள் ஊர்க் கடைகள் பிழைப்பதே அவர்களால்தான். என் குறை வேறு.

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் போன சீசனில் விடுமுறைக்கு வந்தாள். ஹட்டனில் அவள் ஏறிய தனியார் பஸ்ஸின் நடத்துநர், பையை டிக்கியில் போடச் சொல்லியிருக்கிறார். "உள்ளே லெப்டொப் இருக்கு அண்ணே, மடியிலேயே வச்சுக்கிறேன்" என்று கெஞ்சியும் பயனில்லை. நல்லதண்ணியில் டிக்கியைத் திறந்தால், யாத்திரிகர்களின் சட்டி பானை மூட்டைக்கு அடியில் பை நசுங்கிக் கிடந்தது. கதவிடுக்கில் இறங்கிய மழைநீரில் பாதி நனைந்தும் இருந்தது. திரை மூலைக்கு மூலை வெடித்துவிட்டது. ஆய்வுக் கட்டுரையைப் பென் டிரைவில் ஏற்றிக் கைப்பையில் வைத்திருந்ததால் அதுவாவது தப்பியது. கேட்டதற்கு, "சாமானுக்கு நாங்க பொறுப்பில்ல" என்பதே பதில்.

லெப்டொப்பின் விலை ஒன்றரை இலட்சம் ரூபாய். 2024இல் அறிவித்த 1,350 ரூபாய் அடிப்படை நாட்சம்பளத்தில் கணக்கிட்டால், என் மனைவி 112 நாள் மலையேறிக் கொழுந்து பறித்து முழுப் பேர் (முழுநாள் சம்பளம்) வாங்க வேண்டும். அதுவும் ஒரு சதம் செலவழிக்காமல்.

விமானத்திலே லெப்டொப்பைக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். பவர் பேங்கைச் சரக்கறைப் பையில் வைக்கவே விடுவதில்லை. லிதியம் பேட்டரி நசுங்கினால் தீப்பற்றலாம். கண்ணெதிரே இருந்தால் உடனே அணைக்கலாம் என்பதே காரணம். வழியிலுள்ள மவுசாகலை வளைவுகளில் குலுங்கும் டிக்கிக்குள் புகை கிளம்பினால் யார் பார்ப்பது?

மாகாணத்துக்குள் ஓடும் பஸ்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் அதிகாரிகளிடம் மூன்று கோரிக்கைகள். லெப்டொப் பையை மடியில் வைத்துக்கொள்வதை எந்த நடத்துநரும் தடுக்கக் கூடாது. டிக்கியில் ஏற்றும் பைக்குப் பற்றுச்சீட்டும் பொறுப்பும் வேண்டும். சீசனில் ஊர்மக்களுக்கென மாலையில் ஒரு பஸ்ஸாவது தனியாக விட வேண்டும்.

அடுத்த உந்துவப் போயாவுக்கு முன் இதைச் செய்வார்களா?

இப்படிக்கு,
மாணவி ஒருவரின் தந்தை,
நல்லதண்ணி.