பையை வெளியே வை, செல்போனை உள்ளே விடு!

வந்தவாசிப் பக்கமிருந்து பஸ்ஸில் வருபவர்களுக்குக் காஞ்சிபுரம் ஆரம்பிப்பது செவிலிமேட்டில்தான். பாலாற்றுப் பாலம் முடிந்தால் ஊர். ராமானுஜர் பெருமாளுக்குத் தண்ணீர் மொண்டு கொடுத்த சாலைக் கிணறு, லட்சுமி நரசிம்மர் கோயில், வீட்டுக்குள்ளிருந்து வரும் தறிச் சத்தம். இங்கே இறங்கிக் கோயில் கோயிலாகச் சுற்றும் பயணிக்கு ஒரே ஊரில், ஒரே நாளில், இரண்டு விதமான சட்டம் காத்திருக்கிறது.

காலையில் கைலாசநாதர் கோயிலுக்குப் போகிறார் என்று வையுங்கள். பல்லவன் ராஜசிம்மன் கட்டியது, 1300 வருஷப் பழசு. மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கிறது. கருவறையைத் தவிர்த்து, பிராகாரத்தில் எத்தனை படம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். 2018 ஜூலையில் அந்தத் துறை தன் கட்டுப்பாட்டில் உள்ள இடங்களில், தாஜ்மகால், அஜந்தா, லே அரண்மனை ஆகிய மூன்று மட்டும் நீங்கலாக, புகைப்படத் தடையை விலக்கிக்கொண்டது. அதனால் எந்தப் பல்லவச் சிற்பமும் தேய்ந்து போய்விடவில்லை.

அங்கிருந்து வரதராஜப் பெருமாள் கோயிலுக்கோ ஏகாம்பரநாதர் கோயிலுக்கோ வந்தால் இந்து சமய அறநிலையத் துறையின் ராஜ்ஜியம். 2022 டிசம்பர் 2 அன்று உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, திருச்செந்தூர் கோயில் சம்பந்தமான ஒரு வழக்கில், தமிழ்நாட்டின் எல்லாக் கோயில்களிலும் செல்போனுக்குத் தடை போடச் சொல்லிவிட்டது. மதுரை மீனாட்சி கோயிலில் 2018-லேயே தடை வந்தாயிற்று. பழநியில் 2023-ல் வந்தது. அமல்படுத்தும் விதம் கோயிலுக்குக் கோயில் வேறு. ஒரு வாசலில் கவுண்ட்டரும் டோக்கனும் இருக்கும். இன்னொரு வாசலில் ஒரு போர்டு மட்டும் தொங்கும், அதன் கீழேயே பத்துப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டிருப்பார்கள்!

தடைக்குச் சொல்லப்படும் காரணங்கள் ஒன்றும் பொய்யில்லை. சந்நிதிக்கு முன்னால் ரிங்டோன் அலறுவது அசிங்கம்தான். சாமி கும்பிட வந்த பெண்களை அவர்களுக்குத் தெரியாமல் படம் எடுப்பவன் உதைபட வேண்டியவன்தான். சினிமாப் பாட்டுக்கு உதடசைத்து வீடியோ போட மண்டபம் தேடி வருகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆனால் இவை எல்லாம் ஆளின் நடத்தை பற்றிய புகார்கள். தெருவில் ஒருவன் பஸ்ஸைத் தாறுமாறாக ஓட்டினால் அவன் லைசென்ஸைப் பிடுங்குவார்களா, ஊரில் பஸ்ஸே ஓடக்கூடாது என்பார்களா?

புனிதம் கெடுகிறது என்ற வாதமும் வைகாசி கருட சேவையன்று காணாமல் போய்விடுகிறது. வரதர் கருடன் மேல் ஏறித் தெருவுக்கு வந்தால் ஆயிரக்கணக்கான செல்போன்கள் கைகூப்புகிற உயரத்துக்கு மேலே எழும்புகின்றன. யாரும் தடுப்பதில்லை, தடுக்கவும் முடியாது. அதே உற்சவர், அதே அலங்காரம். மதில் சுவருக்கு வெளியே படம் எடுத்தால் பக்தி, உள்ளே எடுத்தால் அபசாரமா? உள்ளே பெரிய மனிதர்கள் மாலை மரியாதையோடு நிற்கும் படங்கள் மறுநாள் பேப்பரில் வருகின்றனவே, அவை எந்தப் பெட்டியால் எடுக்கப்பட்டவை?

பாதுகாப்பு என்று ஒரு காரணமும் சொல்லப்படுகிறது. இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக் கோயில் சிலைகள் எப்படிப் போயின? பக்தரின் தோள்பையில் போகவில்லை. சிவபுரம் நடராஜர் 1950-களில் பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில் மாற்றப்பட்டார். கோயிலுக்குத் திரும்பி வந்தது நகல். அசல் கைமாறிக் கைமாறி அமெரிக்காவின் நார்ட்டன் சைமன் மியூசியம் வரை போய், 1986-ல்தான் திரும்பியது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தனில் பூட்டிக் கிடந்த கோயிலின் பூட்டை உடைத்து நடராஜரைத் தூக்கினார்கள். அது 2006. வெகுநாள் கழித்துத்தான் விஷயமே வெளியே தெரிந்தது. அதற்குள் அவர் 50 லட்சம் டாலருக்கு ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் போய் நின்றுவிட்டார். இதில் எந்த இடத்திலாவது செல்போன் வருகிறதா?

வருகிறது, அதாவது கேமரா வருகிறது. ஆனால் திருடின இடத்தில் இல்லை, பிடித்த இடத்தில்!

புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் 1956 முதல் ஊர் ஊராகப் போய்க் கோயில்களையும் சிலைகளையும் படம் எடுத்து வைத்தது. ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். எடுத்தபோது அவர்களுக்குச் சிலைத் திருட்டு நோக்கமில்லை, ஆராய்ச்சி நோக்கம். ஸ்ரீபுரந்தன் நடராஜரும் ஆஸ்திரேலியாவில் நிற்பவரும் ஒருவரே என்று காட்டியது அந்தப் படப்பெட்டிதான். விருத்தாசலம் அர்த்தநாரீஸ்வரருக்கும் அதே கதை. எஸ். விஜயகுமார் போன்ற தன்னார்வலர்கள் சம்பளமில்லாமல் ராத்திரி பகலாக உட்கார்ந்து, வெளிநாட்டு மியூசியங்களின் விலைப்பட்டியல் படத்தையும் கோயில் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் தேய்மானத்தையும் வார்ப்புக் குறையையும் ஒப்பிட்டார்கள். 2014 செப்டம்பரில் இரண்டு சிலைகளும் இந்தியாவிடம் திரும்பின.

இன்னொன்று கேளுங்கள். கும்பகோணம் பக்கத்தில் சுந்தரபெருமாள்கோவில். அங்கிருந்த திருமங்கையாழ்வார் சிலையை 1967-ல் லண்டன் ஏலத்தில் ஆக்ஸ்போர்டின் ஆஷ்மோலியன் மியூசியம் வாங்கியது. யாருக்கும் தெரியாது. ஏனென்றால் கோயிலில் ஆழ்வார் "இருந்தார்". இருந்தவர் நகல் என்று சிலைக் கடத்தல் தடுப்புப் பிரிவு பிற்பாடுதான் சொன்னது. எத்தனை வருஷம் அந்த நகலுக்குத் தீபாராதனை நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். 2019-ல் ஒரு ஆராய்ச்சியாளர் 1957-ல் அந்தக் கோயிலில் எடுத்த படத்தைக் கண்டு சந்தேகம் கிளப்பினார். 2024 மார்ச்சில் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. 1957-ல் அந்தக் கோயில் வாசலில் ஒருவர் நின்று "கேமராவுக்கு அனுமதி இல்லை" என்று சொல்லியிருந்தால்?

இன்னும் ஒரு வேடிக்கை. சிலைக் கடத்தல் மன்னன் சுபாஷ் கபூருக்குக் கும்பகோணம் நீதிமன்றம் 10 வருஷம் தண்டனை கொடுத்தது 2022 நவம்பர் 1. கோயில்களில் செல்போனுக்குத் தடை போட உத்தரவு வந்தது அதற்கு ஒரு மாதம் கழித்து. தமிழ்நாட்டுச் சிலைகளைத் தேடிப் பிடிக்க உதவிய கருவி எதுவோ அதையே வாசலில் வாங்கி வைக்கச் சொல்லியாயிற்று.

"வெளிநாட்டில் மட்டும் சும்மாவா விடுகிறான்?" என்று ஒரு கேள்வி வரும். லண்டனுக்குச் சித்தப்பா வீட்டுக்குப் போய் வந்தவர்கள்கூட இதைச் சொல்வார்கள். உண்மைதான், விடுவதில்லை. ஆனால் எதை விடுவதில்லை என்று பார்க்க வேண்டாமா? பாரிஸ் லூவர் மியூசியத்தில் 55 சென்டிமீட்டருக்கு மேல் நீளமான பெட்டி உள்ளே வராது. 2015-ல் நியூயார்க்கிலும் லண்டனிலும் பெரிய மியூசியங்கள் வரிசையாகச் செல்ஃபிக் குச்சியைத் தடை செய்தன. தடை குச்சிக்கு, போனுக்கு இல்லை. கூட்டத்தில் திரும்பும்போது குச்சி ஓவியத்தைக் கிழிக்கும், அவ்வளவுதான் காரணம். லண்டன் நேஷனல் கேலரியில் ஓவியங்கள் மேல் சூப்பை ஊற்றி ஆர்ப்பாட்டம் செய்தார்கள், 2024 அக்டோபரிலிருந்து அங்கே தண்ணீர் பாட்டிலைக்கூட உள்ளே விடுவதில்லை. குழந்தைக்குப் பாலும் மருந்தும் மட்டும் போகலாம். ஆனால் போன் போகிறது. 2014-லிருந்து படமும் எடுக்கலாம்.

அங்கேயும் அர்த்தமற்ற தடை உண்டு. வாட்டிகனில் சிஸ்டைன் சேப்பல் கூரையைப் படம் எடுக்கக் கூடாது. பக்தி என்று நினைப்போம். ஓவியங்களைப் புதுப்பிக்க ஒரு ஜப்பானிய டிவி கம்பெனி பணம் கொடுத்தது, பதிலுக்குப் படமெடுக்கும் உரிமையை வாங்கிக்கொண்டது. அப்போது வந்த தடை அது. உரிமை காலாவதியாகிப் பல வருஷம் ஆன பிறகும் தடை மட்டும் நிற்கிறது! தடை என்பது ஒருமுறை வந்துவிட்டால் காரணம் போன பிறகும் போகாது.

பிரிட்டிஷ் மியூசியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வாசலில் பையைத் திறந்து காட்டித்தான் உள்ளே போக வேண்டும். சக்கரம் வைத்த பெட்டி உள்ளே வரவே கூடாது. 2023 ஆகஸ்டில் என்ன ஆயிற்று? சுமார் 2000 பொருட்கள் காணாமலோ சேதமாகியோ போயிருப்பது வெளியே வந்தது. பார்வையாளர் எவரும் எடுக்கவில்லை. உள்ளே வேலை பார்த்தவர் மேல் சந்தேகப்பட்டு ஒருவரை வேலையை விட்டு நீக்கினார்கள். காணாமல் போனவற்றில் பலவற்றுக்குச் சரியான பதிவோ படமோ கிடையாது, அதனால்தான் போனதே தெரியவில்லை. அதற்கு அவர்கள் கண்ட வைத்தியம் பார்வையாளரின் போனைப் பிடுங்குவது அல்ல. இருப்பதை எல்லாம் படம் எடுத்து ஐந்து வருஷத்துக்குள் இணையத்தில் ஏற்றுவது! இன்றைக்கும் காஞ்சிபுரத்துக்காரர் ஒருவர் லண்டன் போனால், அங்கே நிற்கும் சோழர் காலத்து நடராஜரை ஃப்ளாஷ் போடாமல் ஆசை தீரப் படம் எடுத்துக்கொண்டு வரலாம். சொந்த ஊரில் கல் சங்கிலியைக்கூட எடுக்க முடியாது.

கல் சங்கிலி என்றதும் தறிக்காரர்கள் ஞாபகம் வருகிறது. காஞ்சிப் பட்டின் கரையில் ஓடும் யாளி, அன்னம், மயில், கோபுரம் எல்லாம் எங்கிருந்து வந்தன? வரதராஜப் பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்துத் தூண்களையும் அவை போன்றவற்றையும் பார்த்துப் பார்த்துத்தான். அந்தக் காலத்தில் டிசைன் போடுகிறவர் மனசில் ஏற்றிக்கொண்டு வந்து கட்டம் போட்ட தாளில் வரைந்தார். இன்றைக்குச் செவிலிமேட்டுப் பையன் ஒருவன் கம்ப்யூட்டரில் டிசைன் போட உட்கார்ந்தால் அவனுக்கு ஒரு தூணின் நல்ல படம் வேண்டும். கோயில் அவன் வீட்டிலிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கிறது. படத்தை அவன் கூகுளில் தேட வேண்டும், யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் தடைக்கு முன்னால் எடுத்துப் போட்டதை!

பை விஷயம் வேறு. பை வெளியே இருக்கட்டும், அதில் தகராறில்லை. கூட்ட நெரிசலில் முதுகுப்பை அடுத்தவர் முகத்தில் இடிக்கும், மண்டபத்தில் தேங்காய் மூட்டையோடு மோதும். பைக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பதற்கும் நியாயம் உண்டு. ஆனால் செல்போன் இப்போது பை மாதிரியான பொருளில்லை. ஒரு நடுத்தர வயதுப் பெண் தனியாக வெளியூரிலிருந்து வருகிறார். பஸ் டிக்கெட் அதில், பணம் அதில், வழி அதில், மகள் நம்பர் அதில் (எந்த நம்பர் இன்று மனப்பாடம்?). கூட்டத்தில் கூட வந்தவர் தொலைந்தால் பழையபடி கொடிமரத்தடியில் நிற்க வேண்டியதுதான். வாசல் கடையில் கொடுத்து வைத்தால் ரசீது என்று ஒரு சீட்டு. தொலைந்தால் "நிர்வாகம் பொறுப்பல்ல" என்று அதிலேயே அச்சடித்திருக்கும் இடங்களும் உண்டு. பிடுங்கி வைக்கிறவன் பொறுப்பில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

செய்ய வேண்டியது பெரிய காரியமில்லை. பைக்கு இலவச அறை, நம்பர் போட்ட டோக்கன், தொலைந்தால் கோயில் ஈடு தரும் என்ற எழுத்து. கருவறைக்கு முன்னால் போனை அணைத்துவிட வேண்டும், மீறினால் அபராதம், யாராக இருந்தாலும், மாலை போட்டு அழைத்து வரப்பட்டவராக இருந்தாலும். வெளிப் பிராகாரம், மண்டபம், தூண், கல்வெட்டு ஆகிய இடங்களில் ஃப்ளாஷ் இல்லாமல், குச்சி இல்லாமல் படம் எடுக்கலாம். மனிதர்களை அவர்கள் சம்மதமில்லாமல் எடுத்தால் போலீஸ்.

இதெல்லாம் முடியாது, தடை தடைதான் என்றால், கோயிலே அந்த வேலையைச் செய்யட்டும். ஒவ்வொரு உலோகத் திருமேனியையும் முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் படம் எடுத்து, உயரமும் எடையும் குறித்து, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி இணையத்தில் போடட்டும். பாதுகாப்பு மையம் என்று பூட்டி வைத்திருக்கும் சிலைகளுக்கும் சேர்த்துத்தான். ஊர்க்காரன் தன் சாமியின் மூக்கும் விரலும் எப்படி இருக்கும் என்று வீட்டிலிருந்தே பார்க்க முடிந்தால், நாளைக்கு ஏலக் கடையின் விலைப்பட்டியலில் அதே மூக்கு வரும்போது முதலில் கத்துகிறவன் அவன்தான்.

லட்சுமி நரசிம்மர் கோயில் உற்சவரின் முதுகுப் பக்கம் எப்படி இருக்கும் என்று செவிலிமேட்டில் எத்தனை பேருக்குத் தெரியும்? அர்ச்சகருக்குத் தெரியும். அவருக்கு அடுத்தபடியாக யாருக்காவது தெரியுமா?