பூட்டுக்கு ஏற்ற எண்ணெய்

மலைச்சரிவுக்கும் மணல்வெளிக்கும் செல்லவென்றே நான்கு சக்கர இயக்கமுள்ள வண்டியை வாங்கி, கூரைமேல் விளக்குகளுக்கும் அகன்ற டயர்களுக்கும் தாராளமாகச் செலவழிப்பவர்களில் பலர், அந்த வண்டியைச் சேற்றிலிருந்து மீட்கப்போகும் டிஃபரன்ஷியலைப் பற்றியும், அதனுள் ஊற்றும் எண்ணெயைப் பற்றியும் ஒரு நிமிஷமேனும் சிந்திப்பதில்லை என்பது வருந்தத்தக்க விஷயம்.

வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓடவேண்டியிருப்பதால் இரு சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடுவதே டிஃபரன்ஷியலின் தொழில். ஆனால் சாதாரண டிஃபரன்ஷியல் சுழற்று விசையை இரு பக்கமும் சமமாகவே பங்கிடுவதால், ஒரு சக்கரம் சேற்றில் வீணே சுழலும்போது அதற்குப் போதுமான அற்ப விசைதான் கெட்டித் தரையில் நிற்கும் மற்றச் சக்கரத்துக்கும் கிடைக்கிறது. இரு அச்சுத்தண்டுகளையும் ஒன்றாகப் பிணைத்து இந்தக் குறையை நீக்குவதே பூட்டு.

ஃபோர்ஸ் கூர்க்காவில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் ஓட்டுநரே போட்டு எடுக்கும் தனித்தனிப் பூட்டுகள் உண்டு. 2020-இல் புதிய உருவில் வந்த மஹிந்திரா தாரின் சில வகைகளில், இரு பின்சக்கரங்களின் வேக வித்தியாசம் நிமிஷத்துக்குச் சுமார் 100 சுற்றுகளை எட்டியதும் தானாகவே பிணையும் யந்திரப் பூட்டு அமைந்திருக்கிறது. மாருதி ஜிம்னியோ பூட்டே இல்லாமல், வழுக்கும் சக்கரத்தை மட்டும் பிரேக்கால் அடக்கிச் சமாளிக்கிறது. பெரும்பாலும் தார்ச்சாலையிலும் எப்போதாவது காட்டுப்பாதையிலும் செல்லும் குடும்பஸ்தருக்குத் தானியங்கிப் பூட்டே போதும் என்பதும், பாறை ஏறுகிறவருக்கு ஓட்டுநர் வசத்திலுள்ள பூட்டே உத்தமம் என்பதும் என் அபிப்பிராயம். முன் அச்சைப் பூட்டினால் ஸ்டீயரிங் திருப்ப முடியாதபடி கனக்கும். பக்கவாட்டுச் சரிவில் பூட்டிய சக்கரங்கள் இரண்டும் சேர்ந்தே வழுக்கி வண்டியைக் கீழே இழுத்துவிடும். ஆகவே பூட்டை எடுக்கவேண்டிய சமயத்தை அறிவது, போடவேண்டிய சமயத்தை அறிவதைவிட முக்கியமானது.

எண்ணெய் விஷயத்தில்தான் அசிரத்தை அதிகம். கியர் பாக்ஸுக்கும் அச்சுக்கும் ஒரே ‘தொண்ணூறு ஆயில்’ போதும் என்று டப்பாவைத் திறக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. டிஃபரன்ஷியலின் பற்சக்கரங்களான கிரவுன் வீலும் பினியனும் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி வழுக்கியபடியே சுழல்வதால் அங்கே கந்தகமும் பாஸ்பரமும் மிகுந்த ஜிஎல்-5 தர எண்ணெய் அவசியம். அதே எண்ணெய், பித்தளை சின்க்ரோ வளையங்கள் உள்ள பழைய கியர் பாக்ஸில் அந்த வளையங்களை அரித்துவிடக்கூடும் என்பதால் அங்கே ஜிஎல்-4 கேட்கப்படுகிறது. தட்டுகள் உரசி வேலை செய்யும் லிமிடெட் ஸ்லிப் வகை டிஃபரன்ஷியல்கள் பலவற்றுக்கு உராய்வை மட்டுப்படுத்தும் சேர்மானம் தேவை. பற்கள் கோத்துப் பிணையும் பூட்டுக்கு அது தேவையே இல்லை. பூட்டை மாற்றுகிறவர் எண்ணெயையும் மறுபடி தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பதை இதிலிருந்தே உணரலாம்.

சீதோஷ்ணமும் கவனிக்கத் தக்கது. 85டபிள்யூ எண்ணெய் மைனஸ் 12 டிகிரி வரையிலும், 80டபிள்யூ மைனஸ் 26 வரையிலும், 75டபிள்யூ மைனஸ் 40 வரையிலுமே குறிப்பிட்ட அளவுக்குமேல் இறுகாமல் இருக்கவேண்டும் என்பது அளவுகோல். மதுரை வெயிலுக்கு 80டபிள்யூ-90 தாராளமாகப் போதும். குளிர்காலத்தில் லடாக் செல்பவர், தம் வண்டிக்கு 75டபிள்யூ-90 அனுமதிக்கப்பட்டிருந்தால் அதையே நாடுவது விவேகம்.

ஓடிச் சூடேறிய அச்சு ஆற்று நீரில் திடீரென முழுகும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்குவதால், காற்றுக்குழாய் வழியாகவோ தேய்ந்த சீல் வழியாகவோ தண்ணீர் உறிஞ்சப்படுகிறது. எண்ணெய் வடிக்கும் திருகைக் கழற்றியதும் பால் கலந்த காப்பியின் நிறத்தில் வடியும் எண்ணெயைக் கண்டால் அதைத் தாமதமின்றி மாற்றிவிட வேண்டும். காந்தம் பதித்த திருகாயின் அதன் நுனியையும் தடவிப் பார்ப்பது நல்லது. கறுத்த மெல்லிய பசை இயல்பானது, விரலுக்குத் தட்டுப்படும் செதில்கள் பற்கள் சிதைகின்றன என்பதற்குச் சாட்சி.

இவ்வளவும் வண்டியோடு வரும் கையேட்டில் எழுதியிருக்க வேண்டிய விவரங்களே என்றாலும், எண்ணெய் ஊற்றுகிற மெக்கானிக்கின் கைக்கு அந்தக் கையேடு வந்து சேர்வது அபூர்வம். ஆதலால், எந்த அச்சுக்கு எந்தத் தரம், எத்தனை லிட்டர், சேர்மானம் வேண்டுமா வேண்டாமா என்ற மூன்றையும் தமிழில் அச்சிட்டு, வண்டியின் கதவோரத்திலேயே ஒட்டித் தரும்படி உற்பத்தியாளர்களை வேண்டிக்கொள்கிறேன்.