அடையும் தண்ணீரும்

காலை ஆறு மணிக்கு வானொலியில் என் குரலைக் கேட்டுப் பழகியவர்கள் நேரில் பார்த்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அந்த நேரத்துல எப்படிங்க இவ்வளவு உற்சாகமா பேசுறீங்க?" என்பதுதான். எல்லாம் பழக்கம். கலையகத்தில் சிவப்பு விளக்கு எரிந்ததும் முகம் சிரித்துவிடும், குரல் தானாக ஏறிவிடும். உள்ளே தலைவலியோ வீட்டில் சண்டையோ, நேயர்களுக்குத் தெரியாது.

போன வருடம் ஒரு புதன்கிழமை இரவு, தனியாக முழங்காலில் இருந்தபோதுதான் கவனித்தேன். கடவுளிடமும் அதே குரலில் பேசிக்கொண்டிருந்தேன். ஏற்ற இறக்கம் சரியாக இருந்தது, வார்த்தை தடுமாறவில்லை. மனம் மட்டும் அங்கே இல்லை.

சபையில் எனக்கு வேலைக்குக் குறைவில்லை. சனிக்கிழமை இரவு பத்து வரை பாடல் ஒத்திகை, ஞாயிறு ஆராதனை, பிறகு ஞாயிறு பள்ளி, வெள்ளிக்கிழமை வீட்டுக் கூட்டம், மாதம் ஒரு முழு இரவு ஜெபம். வேலை நாட்களில் விடியற்காலை நான்கு மணிக்கு அலாரம். ஆண்டவருடைய வேலையை எப்படி முடியாது என்று சொல்வது என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டியது நான்தான். இதைக் கேட்ட என் தோழி, தைப்பூசத்துக்கு வருடா வருடம் தண்ணீர்ப் பந்தலில் நிற்பவள், "எங்க கோயில்லயும் இதே கதைதான்" என்று சிரித்தாள்.

பிறகு ஒரு ஞாயிறு. சபையின் கார் நிறுத்துமிடம் வரை போய்விட்டேன், காரைவிட்டு இறங்க முடியவில்லை. பாடல் குழுவின் வாட்ஸ்அப் ஒலித்துக்கொண்டே இருந்தது. இருபது நிமிடம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். அழுகைகூட வரவில்லை.

மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். "இது சோதனைம்மா. மூணு நாள் உபவாசம் இருந்து பாருங்க" என்றார். நல்ல மனிதர், நல்லெண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் அந்த வாரம் எனக்கு ஏற்கெனவே சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா தோசையை முன்னால் வைத்து, "மொதல்ல பசியாறு" என்றார். "எலியாவுக்கே அப்படித்தானே ஆச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

எலியா தீர்க்கதரிசியின் கதையை ஞாயிறு பள்ளியில் நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கியதோடு நிறுத்திவிடுவேன், பிள்ளைகள் கைதட்டுவார்கள். அதற்கடுத்த அதிகாரத்தை, 1 இராஜாக்கள் 19-ஐ, அன்றுதான் நிதானமாகப் படித்தேன். அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, யேசபேல் அரசியின் ஒரு மிரட்டலில் மனிதர் ஓடுகிறார். வேலைக்காரனைப் பெயெர்செபாவில் விட்டுவிட்டு, வனாந்தரத்தில் ஒரு நாள் முழுக்கத் தனியாக நடக்கிறார். ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து சாவைக் கேட்கிறார். அப்படியே தூங்கிவிடுகிறார்.

வந்த தூதன் கண்டிக்கவில்லை. விசுவாசம் எங்கே போயிற்று என்று கேட்கவும் இல்லை. தட்டி எழுப்பிச் சாப்பிடச் சொல்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் இருக்கின்றன. தமிழ் வேதாகமத்தில் அதை 'அடை' என்றே போட்டிருப்பது எனக்கு ரொம்பப் பிடிக்கும், நம் வீட்டு அடுப்படி மணம் வருகிறது. சாப்பிட்டவர் மறுபடி படுத்துக்கொள்கிறார். தூதன் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பிச் சாப்பிடவைத்த பிறகுதான் நாற்பது நாள் நடை, ஓரேப் மலை, கடவுளோடு பேச்சு எல்லாம்.

அந்தப் பேச்சில் எலியா ஒரே குறையை இரண்டு தடவை சொல்கிறார்: தான் ஒருவன்தான் மிச்சம் என்று. இன்னும் ஏழாயிரம் பேர் உண்டு என்று பதில் வருகிறது. அவருக்குப் பின் அந்த வேலையைச் செய்ய எலிசா என்ற ஆளும் காட்டப்படுகிறான்.

பாடல் குழுவிலிருந்து மூன்று மாதம் விலகினேன். "பின்வாங்கிட்டாங்க" என்று சிலர் பேசியது காதில் விழுந்தது. அதைவிட வலித்தது, நான் இல்லாமலும் ஆராதனை நன்றாக நடந்ததுதான். என் இடத்தில் நின்ற கல்லூரிப் பெண் என்னைவிடச் சுருதி சுத்தமாகப் பாடினாள். பின்வரிசையில் பொறாமையோடு உட்கார்ந்திருந்தேன். சில வாரங்கள் கழித்து, அவள் பாடும்போது என் வாயும் கூடவே முணுமுணுத்துக்கொண்டிருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். எலியாவுக்கு வந்த எண்ணம் உங்களுக்கும் வந்தால், அல்லது தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டுக் கிடந்தால், ஜெபத்தோடு டாக்டரிடமும் போங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல.

இப்போது மாதம் இரண்டு ஞாயிறு மட்டும் பாடுகிறேன். சனிக்கிழமை ஒன்பதரைக்கெல்லாம் படுத்துவிடுகிறேன். ஜெபம் இன்னும் பழையபடி வரவில்லை. வானொலியில் சில விநாடி மௌனம் விழுந்தாலே எங்களுக்குக் கை நடுங்கும், அதனால் சும்மா இருப்பது எனக்குச் சுலபமாக வருவதில்லை. நேற்று இரவு பத்து நிமிடம் ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்தேன். பாதியில் தூங்கிவிட்டேன் என்று நினைக்கிறேன்.